நிழல் போடாத கை

மூன்றாம் நாளும் மதியம் இரண்டாகிவிட்டது, இன்னும் நான்கு மணி நேரம்தான், பனியன் கம்பெனியில் தினமும் சாப்பாட்டு பெல்லுக்கு முன்னால் நான்கு மணி நேரம், பின்னால் நான்கு மணி நேரம் நின்று தாண்டுகிறவளுக்கு உட்கார்ந்து தாண்டத் தெரியாதா என்று சங்கவி பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள். சாய்த்ததும் நாற்காலியின் பின்கால் மண்ணில் ஒரு பக்கமாக இறங்கியது, மறுபடியும் நிமிர்ந்துகொண்டாள். மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில் கட்டியிருந்த துணிப்பந்தலுக்குக் கீழே திருப்பூர் வெயில் வடிகட்டிய மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது, அந்த மஞ்சள் அவளுடைய ஐந்து படங்களின் மேலும் ஒரே மாதிரி விழுந்து போன வாரம் போட்ட வெள்ளையைக்கூடப் பழைய வெள்ளையாக்கியிருந்தது. ஐந்து படம். வெள்ளிக்கிழமை ஐந்து, சனிக்கிழமை ஐந்து, இன்றைக்கும் ஐந்து. ஆறு மணிக்கு வட்டார ஓவிய விழா முடிகிறது, அதற்குள் ஒன்றாவது யார் கைக்காவது போக வேண்டும், போகவில்லை என்றால் பிரஷ்ஷையும் கலர் டப்பாவையும் பரணில் ஏற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் குரூப் ஃபோர் பரீட்சை வகுப்புக்குப் போவதாக அம்மாவிடம் அவளே வாயால் சொல்லியிருந்தாள். அம்மா கேட்கவில்லை. அம்மா பேச்சியம்மாள் அப்படி நிபந்தனை போடுகிறவள் இல்லை. வெள்ளியும் சனியும் லீவு எடுக்கிறேன் என்று சொன்னபோது அம்மா முகத்தில் ஒன்று வந்து போனது, கோபம் இல்லை, களைப்பு, இரண்டு பேருடைய களைப்பையும் ஒருத்தியே சேர்த்துப் படுகிற மாதிரி, அதைப் பார்க்கப் பொறுக்காமல் இவள்தான் அவசரப்பட்டு, ஒண்ணுகூடப் போகலன்னா விட்டுர்றேம்மா, சத்தியமா, என்றாள். யாராவது கேட்டு வாங்கிய சத்தியமாக இருந்தால் அவரிடமே போய்க் கெஞ்சிப் பார்க்கலாம். தானாகக் கொடுத்த சத்தியத்துக்கு யாரிடம் போவது. அம்மாவுக்கு இன்றைக்கும் வேலை, ஷிப்மென்ட் இருக்கிறது, இந்நேரம் சாப்பாட்டு பெல் அடித்து முடிந்திருக்கும், மறுபடி மேசைக்குப் போயிருப்பாள், வலது முட்டியை மேசைக் காலில் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நிற்பாள், அந்தச் சாய்வுகூடப் படத்தில் இருக்கிறது, சாய்வு சரியாக வந்திருக்கிறது, சாய்வு வந்து என்ன.

ஏனென்றால் நடுவில் தொங்கிய பெரிய படத்தில்தான் அந்தக் கை இருந்தது. செக்கிங் மேசை. ஏழு பெண்கள் நீள மேசையைச் சுற்றி நின்று, தைத்து வந்த வெள்ளை பனியன்களை விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தலைக்கு மேல் டியூப் லைட், கீழே பதினான்கு கை. பதின்மூன்று கைகளுக்கு அடியில் துணியின் மேல் நீலச் சாம்பலாக நிழல் விழுந்திருக்கிறது. ஓரத்தில் நிற்கும் அம்மாவின் இடது கைக்கு மட்டும் விழவில்லை. அந்தக் கை துணியைத் தொடவும் இல்லை, தொடாமலும் இல்லை, வெட்டி ஒட்டிய மாதிரி நின்றது. அவள் அதைக் கவனித்தபோது படம் பிரேம் கடைக்குப் போய், கண்ணாடி மாட்டி, பின்பக்கம் அட்டை வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி வந்துவிட்டிருந்தது. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள், ஒளியியல் தாளில் எண்பத்தொன்று வாங்கியவள், வீட்டில் முதல் பட்டதாரி, ஒரு கைக்கு நிழல் போட மறந்துவிட்டாள். இதை யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. விழா நடத்துகிறவர்களும் ஒரு விதி வைத்திருந்தார்கள், வரைந்தவரேதான் படத்தின் பக்கத்தில் உட்கார வேண்டும், வேறு ஆளை உட்கார்த்தக் கூடாது, நின்று பார்க்கிறவரிடம் தானே பேச வேண்டும். முதல் கூட்டத்தில் இந்தப் பள்ளியின் டிராயிங் டீச்சர் மீனலோசனி மேடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், ஏற்கனவே பேர் வாங்கினவர்களுக்குப் படம் பேசும், உங்களுக்கு நீங்கள்தான் பேச வேண்டும் என்று. சங்கவி பேசினாள். வெள்ளிக்கிழமை கண்ணாடி போட்ட ஒரு கணவனும் மனைவியும் வந்து இந்தப் படத்தின் முன்னால் பத்து நிமிஷம் நின்றார்கள், அந்த அம்மா விலை எழுதிய அட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்தாள், உடனே இவள் எழுந்து, சார், அந்த ஓரத்துக் கையில் நிழல் விட்டுப்போச்சு சார் என்றாள். அவர் அதுவரை அதைப் பார்க்கவில்லை. குனிந்து பார்த்து, அட, ஆமா, என்று சொல்லி, வழி சொன்னவருக்கு நன்றி சொல்கிறவர் மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார். சனிக்கிழமை பேக்கரிக்காரர் ஒருவர் பஸ் ஸ்டாண்டு மழைப் படத்தைக் கடையில் மாட்டப் பொருத்தமாக இருக்கும் என்று கையில் எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பின் சக்கரம் கொஞ்சம் கோணலுங்க என்று இவள் சொன்னாள். அவர் வீட்டில் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார். இன்று காலை வந்த கல்லூரிப் பெண்ணிடம் என்ன சொன்னோம் என்று நினைக்கவே இப்போது தெம்பில்லை.

பக்கத்து மேசை ஹசீனா மண் குவளைகளில் பூவும் கொடியும் வரைந்து வைத்திருந்தாள். நிற்கிறவர்களிடமெல்லாம், இது எனக்குக் கனவில் வந்தது அக்கா, விடியக்காலம் எழுந்து உடனே வரைந்துவிட்டேன் என்பாள். அவை எல்லாம் அவளுடைய அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய மருதாணிப் புத்தகத்திலிருந்து வந்தவை என்று முதல் நாளே அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். அவள் மேசை பாதி காலி. இன்று காலை கல்லூரிப் பெண் போன பிறகு ஹசீனா தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு இவளைப் பார்த்தாள். "ஏம் புள்ள, நீ படம் காட்ட வந்தியா, குத்தம் காட்ட வந்தியா?" பொய் சொல்லத் தனக்கு வராது என்றாள் சங்கவி. "உன்னையப் பொய் சொல்லச் சொன்னனா? வாய மூடுன்னுதான சொல்றேன்." அது வேறு, இது வேறு என்று ஹசீனாவுக்குச் சுலபமாகத் தெரிகிறது. சங்கவிக்கு இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பார்க்கக் கண் பூத்துப்போகிறது. கண்டும் சொல்லாமல் விடுவதுதானே செக்கிங்கில் பெரிய தப்பு. தப்பு பண்ணுவது தையல்காரர், அவர்களுக்குக்கூட மன்னிப்பு உண்டு, மெஷின் சரியில்லை, நூல் சரியில்லை. கண்டவள் சொல்லாவிட்டால் அவளுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. எட்டு மாதம் ஊரெல்லாம் விண்ணப்பம் போட்டு, ஒரு கம்பெனி நேர்காணலில் உங்கள் குறைகளைச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு யோசித்து யோசித்து ஐந்து குறை சொல்லிவிட்டு வந்து, கடைசியில் அம்மா நிற்கிற மேசையிலேயே அம்மாவுக்கு எதிர்ப்பக்கம் நின்ற முதல் வாரம். தோள்பட்டைத் தையலில் மூன்று கண் விட்டுப்போன ஒரு பீஸ் அவள் கையைத் தாண்டிப் போய்விட்டது. அவள் அதைப் பார்த்தாளா, பார்க்கவில்லையா, இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது, பார்த்தும் இது என்ன பெரிய விஷயம் என்று தள்ளினாளோ என்று இப்போதும் சந்தேகம். மூன்று நாள் கழித்து கஸ்டமர் ஆள் வந்து பெட்டியைப் பிரித்தபோது மேலாக இருந்ததே அந்தப் பீஸ்தான். கட்டிய பெட்டி அத்தனையும் மறுபடி பிரிந்தது. சூப்பர்வைசர் இவளை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, எல்லோரும் நிற்கும்போது, "படிச்ச பொண்ணுன்னு கூட்டியாந்தியே, புக்குல பாக்கத் தெரிஞ்ச கண்ணுக்குத் துணியில பாக்கத் தெரியலையா?" என்றார். அம்மா தலை குனிந்து பிசிர் வெட்டும் கத்தரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், தப்பில்லாத பீஸ் கெடையாதுட்டி, நாம பாத்துட்டோம்னு சொல்லிட்டா அது நம்ம தலையில விடியாது, அவ்வளவுதான் வேலை. அன்றிலிருந்து சங்கவி எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். சில்லறை அதிகம் வந்தால் சொல்வாள், பஸ்ஸில் காலை மிதித்தது தானாக இல்லாவிட்டாலும் தான்தான் என்பாள், தான் வரைந்ததில் எங்கே கோணல் என்று கேட்காமலே சொல்வாள். சொல்லிவிட்டால் ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாகும். அந்த ஒரு நிமிஷத்துக்காக மூன்று நாளாக ஐந்து படத்தையும் காப்பாற்றி வைத்திருக்கிறாள்.

மூன்றரை இருக்கும், காற்று நின்றுவிட்டது, பந்தல் துணி மூச்சடக்கின மாதிரி தொங்கியது, எங்கோ மைக்கில் ஒருவர் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கோயமுத்தூரில் ஒரு ஓவியக் கூடத்துக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது, ஏன் இப்போது வருகிறது என்று தெரியவில்லை, தொண்டை காய்ந்தால் அது வரும். கண்ணாடிக் கதவைத் தள்ள வேண்டுமா இழுக்க வேண்டுமா என்று தெரியாமல் வேறு யாராவது திறக்கட்டும் என்று வெளியே நின்றிருந்தாள். உள்ளே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். எந்தக் கலைக் கல்லூரி, யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், இதற்கு முன் எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். மூன்றுக்கும் அவள் ஃபைலைத்தான் திறந்து காட்டினாள். எங்கேயாவது ஒரு தடவை வைத்துவிட்டு வாருங்கள் என்றார். அந்த முதல் எங்கேயாவது எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை, அங்கிருந்து பஸ் ஏறி அவிநாசி வரும்போதுதான் தோன்றியது. அது இந்த மைதானம்தான் என்று இப்போது தெரிகிறது. இங்கே கொடுத்த தாளில் நாலே வரி, பெயர், தெரு, என்ன செய்கிறீர்கள், மேசை வேண்டுமா படம் மாட்டத் தட்டி வேண்டுமா. வெட்கப்பட்டு எழுத வேண்டிய வரி ஒன்றுகூட இல்லாத விண்ணப்பத்தை அவள் அதுவரை நிரப்பியதில்லை, அதனால் எங்கோ தப்பு இருக்கிறது என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்து, கதவைத் திறந்தால் மட்டும் இருந்த படங்கள் இங்கே நாள் முழுதும் திறந்தே இருந்தன. நேற்று கேஸ் சிலிண்டர் போடுகிறவர் ஒருவர் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்து, சந்துப் படத்தைப் பார்த்து, இது நம்ம சந்து, இந்த மேட்டுலதான் நான் தெனமும் எறங்கித் தள்ளுவேன் என்று சொல்லிச் சிரித்து, போனில் யாரையோ கூப்பிட்டு அதையே மறுபடி சொன்னார். அவர் போன பிறகு அந்தச் சந்து படத்தில் கொஞ்சம் மேடாகத்தான் இருந்தது, அவள் மேடாக வரைந்திருக்கிறாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அது பெரிய விஷயம். ஆனால் அது கணக்கில் வராது, சத்தியம் பார்க்கிறவர்களைப் பற்றியது இல்லை, எடுத்துப் போகிறவர்களைப் பற்றியது. எடுத்துப் போனால் மட்டும் என்ன, வீட்டுக்குப் போய் மாட்டி, ஒரு வாரம் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்ப்பார்கள், அந்தக் கை தெரியும், தெரிந்த பிறகு அது மட்டும்தான் தெரியும், தெருப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து வாசலில் வந்து நிற்பார்கள், அம்மாதான் கதவைத் திறப்பாள். வியர்வை முதுகில் ஒரு கோடாக இறங்கியது. பரண் நினைவுக்கு வந்தது. பரணில் ஏற்றிவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த நினைப்பை அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அது போகவும் இல்லை.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அம்மா வந்தாள். நாற்பது வயதிருக்கும், சேலையில் அங்கங்கே நூல் துணுக்கு ஒட்டியிருந்தது, பின்னால் கீரைக்கட்டுப் பையோடு கணவர். மற்றப் படங்களைப் பார்க்காமல் நேராக நடுவில் வந்து நின்றாள். "இதென்ன கண்ணு, செக்கிங்கா?" ஆமாங்க என்றாள் சங்கவி. எந்தக் கம்பெனி என்று கேட்டாள், சங்கவி பெயரைச் சொன்னாள். தான் பவர் டேபிளில் தைப்பதாக அந்த அம்மா சொன்னாள், ஓவர்லாக் மெஷின், பதினாறு வருஷமாக. "எங்க பீஸையெல்லாம் தேடித் தேடித் திருப்பி அனுப்பறவங்க நீங்கதானா? உங்களக் கண்டாலே எங்களுக்கு ஆகாது, தெரியுமா?" என்று சிரித்தாள், சிரித்தபடியே கண்ணாடியின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு முகமாக நகர்த்திக்கொண்டு வந்தாள். முதல் பெண், இரண்டாவது பெண், விரல் ஓரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. சங்கவியின் நாக்கின் நுனிக்கு அந்த வாக்கியம் தானாக வந்து நின்றது, அந்த ஓரத்துக் கையில், என்று, வாய் திறந்தும்விட்டது. ஹசீனா குவளை துடைப்பதை நிறுத்தியிருந்தாள். விரல் அம்மாவின் முகத்தில் நின்றது. இது யாரு என்று கேட்டாள். எங்கம்மா. அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. "கம்பெனியில பாக்கறது பத்தாதுன்னு வூட்லயுமா?" என்றார். "வூட்டுச் செவுத்துல சாமி இருக்குது. உங்கப்பா இருக்கறாரு. உங்க கட்சிக்காரர் காலண்டர்ல இருக்கறாரு. நான் எங்க இருக்கறேன்?" அவர் கீரைப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணத் தொடங்கினார்.

பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது, சங்கவி ஆணியிலிருந்து படத்தை எடுத்தாள், பழைய செய்தித்தாளில் வைத்தாள், அந்த அம்மா தாளை விலக்கி, மூட வேண்டாம் கண்ணு, பாத்துக்கிட்டே போறேன் என்றாள். மேசையின் மேல் படம் மல்லாந்து கிடந்தது, நேர் மேலே வெளிச்சம், அந்தக் கை அவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தது, தெருவில் போகிற யாருக்கும் தெரியும், இவர்களுக்கு எப்படித் தெரியவில்லை, தையல்காரிக்கு எப்படித் தெரியவில்லை. அந்த அம்மா ஈரத்துணி போட்டுத் துடைக்கலாமா என்று கேட்டாள். ஈரம் வேண்டாங்க, காய்ந்த துணியால் மேலாகத் துடைத்தால் போதும் என்றாள் சங்கவி. "வேற ஏதாச்சும் சொல்லோணுமா கண்ணு?" காதுக்குள் இரைச்சல் கேட்டது, டியூப் லைட் பழுதாகும்போது கேட்கிற இரைச்சல். அந்த அம்மா கேட்டுவிட்டாள், கேட்காதபோது வாயை மூடிக்கொள்வது வேறு, கேட்ட பிறகு மூடிக்கொள்வது வேறு, அது ஹசீனாவுக்குத் தெரிகிற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, சொன்னால் இவர் சந்தோஷமாகக் கீரைப் பையோடு திரும்பிவிடுவார், நெஞ்சு ஒரு நிமிஷம் லேசாகும், ஆறு மணிக்குப் படம் ஐந்து.

"வேற ஒண்ணுமில்லீங்க," என்றாள் சங்கவி.

அவர்கள் மொபெட்டில் போனார்கள். அந்த அம்மா பின்னால் உட்கார்ந்து படத்தை மடியில் நிறுத்தி வெளிப்பக்கமாகப் பிடித்திருந்தாள், ஏழு பெண்களும் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி, பானிபூரி வண்டியைத் தாண்டி, வெயிலுக்குள் போனார்கள். தட்டியில் படம் இருந்த இடம் சதுரமாக, வெறும் சணல் துணியாக நின்றது. பரணில் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள், தூக்கம்தான் வந்தது. வெளியே மொபெட் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை நிமிர்ந்தது, அவர்கள் திரும்பி வரவில்லை, வேறு வண்டிகள்தான். ஹசீனா ஒன்றும் கேலி செய்யாமல் ஒரு வடையைத் தாளோடு இவள் பக்கம் நகர்த்தினாள். மீனலோசனி மேடம் நோட்டோடு வந்து காலி இடத்தைப் பார்த்தார், அடுத்த மாதம் ஈரோட்டில் இதே மாதிரி நடத்துகிறார்கள், முன்னால் எங்கே வைத்தீர்கள் என்று அங்கே கேட்பார்கள், இங்கே வைத்ததாக எழுதித் தருகிறேன், உன் பெயரைச் சேர்க்கட்டுமா என்றார். சேருங்க மேடம் என்று அவள் குரல் சொன்னது. எழுதும் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதை எழுதுவதற்கு முன்னாலாவது மேடத்திடம் சொல்லிவிடலாம், ஆனால் இனி யாரிடம் சொன்னாலும் சொல்ல வேண்டியவளிடம் சொன்னது ஆகாது. அந்த வாக்கியம் நாக்கின் அடியில் கல் மாதிரி கிடந்தது. இதோடு வீட்டுக்குப் போய், இதோடு படுத்து, இதோடு எழ வேண்டும், பழகிவிடுமோ என்னவோ, பழகினால் அது இன்னும் பயம்.

ஆறு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். பின்னால் ஷிப்டு முடிந்து பெண்கள் படி இறங்குகிற சத்தம் கேட்டது. போச்சாட்டி என்றாள் அம்மா. ஒண்ணு போச்சும்மா. எது என்று கேட்டாள். செக்கிங் மேசை, என்றாள் சங்கவி.

"நெழல் இல்லாததக் கேக்கலையா அவங்க?"

சங்கவி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குத் தெரியுமாம்மா?"

"கண்ணாடி போட்டு வந்த அன்னிக்கே பாத்துட்டேன்."

பதினெட்டு வருஷமாகச் செக்கிங்கில் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் விடாத அம்மா. வீட்டிலும் உப்பு ஒரு கல் கூடினால் சொல்கிறவள், பக்கத்து வீட்டுக்காரி கோலத்தில் ஒரு புள்ளி தவறினால் சொல்கிறவள், நாலு நாள் முன்னாலேயே இதைப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் வேலைக்குப் போய் வந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்க சங்கவி வாயெடுத்தாள், கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. பிறகு அம்மா, பஸ் வருது, மீதி நாலையும் ஒடையாம எடுத்துட்டு வா, நாளைக்கு எட்டரைக்கு நிக்கணும் என்றாள். சரிம்மா என்று சொல்லி, நாக்கின் அடியில் கிடந்ததை எச்சிலோடு விழுங்கிக்கொண்டு, சங்கவி மிச்சப் படங்களை இறக்க எழுந்தாள்.